விரலுக்குப் பின்னால போங்க

அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சிருதியளா? கனமெல்லாம் இல்ல. ஒரு வேட்டி, ஒரு துண்டு, வீட்டுக்காரி கட்டிக் குடுத்த புளியோதரை, அவ்வளவுதான். எனக்கு இடது கை தோளுக்கு மேல வராது. பஸ்ஸு ஆடுத ஆட்டத்துல ஒத்தக் கையால தூக்கி, யார் தலையிலயாவது போட்டுட்டா அது ஒரு வம்பு. ஆங், அப்படித்தான். ரொம்ப சந்தோசம்.

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துக்கிடுங்க. எனக்கு வேண்டாம். வேலையில சேந்த நாள்ல இருந்து என் முன்னால ஒரு பெரிய கண்ணாடிதான. வேடிக்கை பாத்ததெல்லாம் போதும்.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். எம்பேரு கோமதிநாயகம். ரயில்வேல லோகோ பைலட். ஊர்ல இன்ஜின் டிரைவர்னுதான் சொல்லுவாங்க, எனக்கும் அதான் பிடிக்கும். சிரிக்கியளே, ரயில் ஓட்டுதவன் பஸ்ஸுல ஏன் வாரான்னு நினைக்கிய. சட்டைப்பையில பாஸ் இருக்கு, இந்தா பாருங்க. ஆனா ரயில்ல கூட்டம் அண்ணாச்சி. இந்த பஸ்ஸுல மட்டும் கூட்டம் இல்லியான்னு கேப்பிய. இது வேற கூட்டம். இதுல மனுசன் நிம்மதியாப் பேசிக்கிட்டு வரலாம்.

இப்ப வண்டி ஓட்டல. இறக்கி வச்சிருக்காங்க. மதுரைல ஒரு டாக்டரம்மா, மனசு டாக்டர், அவங்க சரின்னு சொன்னாத்தான் திரும்ப இன்ஜின்ல ஏறலாம். இல்லேன்னா ரிட்டயர் ஆகுத வரைக்கும் ஷெட்ல உக்காந்து, மத்தவனுக்கு டியூட்டி போட்டுக் குடுக்குத வேலை. நான் டியூட்டி போட, நேத்து வந்த பயலுவ இன்ஜின்ல ஏறிப் போவானுவ. அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாவலாம். சே, அந்தப் பேச்சு வேண்டாம். தெரியாம வாயில வந்துட்டு.

எனக்குப் பைத்தியம்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பயந்து தள்ளி உக்கார வேண்டாம். நல்லாத்தான் சாப்பிடுதேன். நல்லாத்தான் உறங்குதேன். எல்லாம் ஒரு பொடியனால வந்தது. ஜெனிஷ்னு பேரு, மார்த்தாண்டத்துப் பையன், எனக்கு அசிஸ்டன்ட்டா வந்தான். தங்கமான பையன். அந்தத் தங்கமான பையன்தான் என் வயித்துல அடிச்சான்.

மொதல்ல எங்க வேலையைச் சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். இன்ஜின்ல இடது பக்கம் நான், வலது பக்கம் அசிஸ்டன்ட். வழியில லெவல் கிராசிங் வரும். கேட் கீப்பர் கேட்டைப் பூட்டிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்துல பச்சைக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். எல்லாம் சரியா இருக்கு, நீ போன்னு அர்த்தம். நான் கையை வெளிய நீட்டி ஆட்டணும். உன்னையப் பாத்துட்டேன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனை கேட்டு, எத்தனை கொடி. தூரத்துல ஓரமாப் பச்சையாத் தெரிஞ்சாப் போதும், மூளைக்குப் போகுததுக்கு முன்னால கை போயிரும். உங்க வீட்டுல யாராவது தும்மினா நூறுன்னு சொல்லுதியளே, யோசிச்சா சொல்லுதிய? அப்படித்தான் இதுவும்.

இது பொதுவாச் சொல்லுதேன். அன்னைக்கு நடந்தது வேற.

ஆவணி மாசம், முகூர்த்த நாளு. பாசஞ்சர் வண்டி, சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கு. எந்த ஊருன்னு கேக்காதிய. ஒரு வளைவு, வளைவு முடிஞ்சதும் கேட்டு. ஒரு பொண்ணு திடீர்னு குறுக்க வந்துட்டா. அவ்வளவுதான். ஹார்ன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டேதான் வந்தேன். பிரேக்கும் போட்டேன். ரயிலு என்ன சைக்கிளா, பிடிச்சதும் நிக்க? கேட்டைத் தாண்டித்தான் நின்னுச்சு.

காலேஜுக்குப் போற வயசு. பச்சைத் துப்பட்டா போட்டிருந்தா. முகம் நான் பாக்கல.

ஆள் அடிபட்டா அசிஸ்டன்ட்தான் இறங்கிப் போய்ப் பாக்கணும். டிரைவர் இன்ஜினை விட்டு இறங்கக் கூடாது. இது நான் வச்ச சட்டம் இல்ல. ஜெனிஷ் இறங்கிப் போனான். அவனுக்கு அது மொத ஆளு. ரொம்ப நேரம் கழிச்சு வந்தான். அந்தத் துப்பட்டாவை எடுத்து அவ மேலயே போத்திட்டு வந்தேன்னு சொன்னான். கையைக் கழுவு, தண்ணியக் குடி, பழகிரும்னு சொன்னேன். எனக்கு மொத ஆளு விழுந்தப்ப என் டிரைவர் அதுகூடச் சொல்லல. வாயில புகையிலையை அதக்கிக்கிட்டு, வண்டியை எடுப்பமான்னுதான் கேட்டாரு.

அன்னைக்கு நான் வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டேன். பிரமு, அதான் என் வீட்டுக்காரி, ரசம் வச்சிருந்தா. ரெண்டாந்தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவகிட்டயே கேட்டுப் பாருங்க.

பையன்தான் உடைஞ்சு போனான். உறங்க மாட்டேங்கான். டியூட்டிக்கு வந்தா பிஸ்கட்கூடத் தொட மாட்டேங்கான். இறைச்சிக் கடைப் பக்கம் போக மாட்டேங்கான். அவனாத் தேடிப் போனதுதான் இந்த மதுரை டாக்டர். ஷாகிதா பேகம்னு பேரு. போயிட்டு வந்து சொன்னான், "சாரே, அவங்க விரலை ஆட்டுவாங்க. நாம கண்ணால அது பின்னால போணும். நடந்ததை நினைச்சுக்கிட்டே போணும். அவ்வளவுதான் சாரே." நான் சிரிச்சேன். ஏல, திருவிழாவுல பொம்மை காட்டுதவன்கூட இதைவிட நல்லா ஆட்டுவான்லேன்னேன். அவனும் சிரிச்சான். ஆனா பாத்துக்கிடுங்க, ரெண்டு மூணு மாசத்துல பையன் தெளிஞ்சுட்டான். சோறு தின்னான். உறங்கினான். என்கிட்ட வந்து, "சார் நீங்களும் ஒருக்கா போங்க"ன்னான். எனக்கு எதுக்குலேன்னு கேட்டேன்.

எனக்கு எதுக்குன்னு கேட்டேன். கேட்டது தப்பா?

அப்புறம் ஒரு சின்ன விசயம். வண்டியை ரெண்டு மூணு தரம் நிறுத்திட்டேன். நடுவழியில. எமர்ஜென்சி பிரேக். ஒருக்கா வயக்காட்டுல எவளோ சேலையைக் காயப் போட்டிருந்தா, பச்சைச் சேலை. ஒருக்கா வாழை இலை, நல்லா அகலமா, காத்துல ஆடிக்கிட்டு. இன்னொருக்கா அசலாவே கேட் கீப்பர், அசலாவே கொடி. அதுக்கும் போட்டுட்டேன். உள்ள இருந்த சனமெல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து, ஒரு பொம்பளைக்குப் பல்லு போயிட்டு. விசாரணை வச்சாங்க. எச்சரிக்கையா ஓட்டுனேன்னு சொன்னேன். எச்சரிக்கையா ஓட்டுததுக்கு எந்த ஊருல தண்டனை குடுக்கான், சொல்லுங்க.

அதுல இறக்கினதுதான். போயி இந்த டாக்டரைப் பாருன்னுட்டாங்க.

அந்தம்மா நல்ல மாதிரிதான். சும்மா சொல்லக் கூடாது. மேசை கீசை ஒண்ணும் கிடையாது, நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டு, நமக்குக் கொஞ்சம் சாஞ்சாப்ல உக்காந்துக்கிடுவாங்க. மொத நாளு விரலே ஆட்டல. மனசுக்கு நிம்மதியான இடம் ஒண்ணை நினைச்சு வச்சுக்கோங்கன்னாங்க, கஷ்டமா இருந்தா அங்க போயிரலாமாம். ஜனங்க மலை, கடல், கோயில்னு சொல்லுவாங்களாம். நான் எங்க ஓய்வறைல இருக்க இரும்புக் கட்டிலைச் சொன்னேன். அந்தம்மா சிரிக்கல. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அடுத்த தடவைதான் விரல். ரெண்டு விரலை முகத்துக்கு நேரா வச்சு இப்படி இடதும் வலதும். "தலை ஆட வேண்டாம் சார். கண்ணு மட்டும் விரலுக்குப் பின்னால போங்க. நடந்ததை நினைச்சுக்கோங்க. எது வருதோ வரட்டும், பிடிச்சு நிறுத்தாதீங்க." கொஞ்ச நேரம் ஆட்டுவாங்க, நிறுத்துவாங்க. மூச்சு விடச் சொல்லுவாங்க. "இப்ப என்ன வருது?" சொல்லணும். "சரி, அதோடயே போங்க." திரும்ப ஆட்டுவாங்க. பத்துக்கு எத்தனை கஷ்டமா இருக்குன்னு மார்க் வேற கேப்பாங்க. நான் எடுத்ததும் சைபர் போட்டேன். "சைபர்னா ஏன் சார் இவ்வளவு வேர்க்குது?"ன்னாங்க. மதுரை வெயிலுக்கு வேர்க்காம என்ன செய்யும்?

நான் ஒரு வேலை செஞ்சேன் அண்ணாச்சி. உங்ககிட்டச் சொல்லுததுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. அந்தப் பொண்ணு விசயத்தை நான் எடுக்கவே இல்ல. என் சர்வீஸ்ல விழுந்தது அவ ஒருத்திதானா? ஆடு மேய்க்குத பெரியவர் ஒருத்தர், காது கேக்காது, ஆட்டை விரட்டிக்கிட்டு வந்து விழுந்தாரு. அவரைக் குடுத்தேன். அந்தம்மா விரலை ஆட்ட ஆட்ட, எனக்கே ஆச்சரியம், அந்தப் பெரியவர் தலைப்பாகை, ஆட்டுக்குட்டி சத்தம், எல்லாம் வருது. நெஞ்சுக்குள்ள என்னமோ இளகுத மாதிரி இருக்கு. அழுதுட்டேன். அழுதேன்தான், அதுல என்ன வெக்கம்? ரெண்டாவது வாட்டி ஒரு குடிகாரனைக் குடுத்தேன். அவனும் சரியாப் போயிட்டான். அடுத்து ஒரு காளை மாடு. மாட்டுக்குக்கூட விரலை ஆட்டுனாங்க, பாவம் அந்தம்மா.

ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "சார், விரல் உங்க இடது பக்கம் போகும்போது மட்டும் உங்க கண்ணு தாண்டிக் குதிச்சிருது. அந்த ஓரத்துல என்ன இருக்கு?" ஃபேன் காத்து மேடம்னேன். ஃபேனை நிறுத்திட்டாங்க. அப்பவும் குதிச்சுதாம்.

தோள் வலியைப் பத்தியும் கேட்டாங்க. எப்ப இருந்துன்னாங்க. ஆவணியில இருந்துன்னேன். அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அதுல என்ன இருக்கு? வயசானா தோள் பிடிக்கத்தான் செய்யும். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பாத்தாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி விட்டாரு. அவரு உருவுனதுல நல்லா இருந்த வலது கைதான் வீங்கிப் போச்சு.

சரி, ஜெனிஷ் விசயத்துக்கு வாரேன்.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தான். நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தான். பிரமு டீ போட்டுக் குடுத்தா. நான் இன்னும் தேறலன்னு ஷெட்ல யாரோ சொல்லியிருக்கான். அதான் பாக்க வந்தேன்னான். டீயைக் கையில வச்சுக்கிட்டு சொல்லுதான், "சாரே, எனக்கு எப்படிச் சரியாச்சுன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லல. அந்தம்மா விரல் ஆட்டும்போ மொதல்ல ரத்தம்தான் வந்துட்டே கிடந்தது. பின்ன அந்தப் பிள்ளைக்க செருப்பு. பின்ன ஒரு நாளு, அதுக்கு முன்னால உள்ள ஒரு நிமிஷம் வந்தது. வண்டி வளைவு திரும்புது. அவ ஓரத்துல நிக்கா. நீங்க கையை நீட்டிக் காட்டினிய சாரே. அவ உங்களையே பாத்தா. அவளும் கையைத் தூக்கிக் காட்டினா. அதுக்குப் பிறகுதான் வந்தா."

அவன் பாட்டுக்குச் சொல்லுதான். "அதுவரைக்கும் எனக்கு அவ வெறும் சதை மாதிரிதான் கிடந்தா. இப்ப முகம் தெரியுது. எப்ப நினைச்சாலும் கை காட்டிட்டு நிக்க பிள்ளையாத்தான் தெரியுது. கடைசியா ஒரு மனுசன் அவளைப் பாத்துக் கை காட்டியிருக்காரு, அவளுக்கு அது கிடைச்சிருக்குன்னு நினைச்சேன். அன்னைக்குத்தான் சாரே எனக்கு உறக்கம் வந்தது. உங்ககிட்ட இதைச் சொன்னா உங்களுக்கும் நல்லா இருக்கும்னுதான் வந்தேன்."

எப்படி இருக்கு பாத்தியளா? என் வீட்டுல உக்காந்து, என் டீயைக் குடிச்சுக்கிட்டு. என்ன சொல்லுதான் அவன்? ஹார்ன் அடிக்க வேண்டிய நேரத்துல இந்த ஆளு கை காட்டிக்கிட்டு இருந்தான்னு சொல்லுதான். நிக்கலாமா போலாமான்னு நின்ன ஒரு பிள்ளையை, வா தாயின்னு நான் கூப்பிட்டேன்னு சொல்லுதான். அதுக்கு வேற என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

அந்தப் பொண்ணு விழுந்ததுக்கு நடந்த விசாரணையில நான் ஹார்ன் அடிச்சேன்னுதான் சொன்னேன். அவனும் அதைத்தான் சொன்னான். அப்ப இல்லாத கை இப்ப எங்க இருந்துலே வந்துச்சு? அந்தம்மா விரலை ஆட்டி ஆட்டி, இல்லாததை எல்லாம் உன் மண்டைக்குள்ள ஏத்தி விட்டுட்டாங்கலேன்னேன். போலே வெளியேன்னேன். டீயைப் பாதியில வச்சிட்டுப் போயிட்டான். வாசல்ல செருப்பை மாட்டும்போது, "நான் தப்பாச் சொல்லல சாரே"ன்னு ரெண்டு தரம் சொன்னான். அழுத மாதிரி இருந்துச்சு. அழட்டும்.

உள்ள வந்தா பிரமு அடுப்படி வாசல்ல நிக்கா. "நீங்க கை காட்டுனியளா?"ன்னு கேக்கா. இத்தனை வருசம் என்கூடக் குடும்பம் நடத்தினவ, எவனோ ஒருத்தன் சொன்னான்னு என்கிட்டக் கேக்கா. அவ என்ன செஞ்சா தெரியுமா, பீரோவைத் திறந்து காமிச்சா. "இதுல இருந்த பச்சைச் சேலையெல்லாம் ஆவணியில இருந்து எங்க போச்சு? சாயம் போகுதுன்னு சொல்லித் தூக்கிக் குடுத்திய. என் கூறைப் பட்டுமா சாயம் போகுது?" போகுதுதான். பட்டுன்னா சாயம் போகாதா? அந்தக் காலத்துச் சாயம். அதை நான் யாருக்கும் குடுக்கல, மச்சுல டிரங்குப் பெட்டியிலதான் பூட்டி வச்சிருக்கேன். அது அவளுக்குத் தெரியாது.

அவ அன்னைக்கு அழுதா. கல்யாணம் ஆனதுல இருந்து நான் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசல்ல நின்னு கை காட்டுவாளாம், நானும் திரும்பிக் காட்டுவேனாம். ஆவணியில இருந்து நான் திரும்பிப் பாக்குததே இல்லையாம். தோள் வலிக்குதுன்னு சொன்னா நம்பணும். கட்டினவ நம்பலன்னா வேற யாரு நம்புவா? இன்னைக்குக் காலையிலயும் வாசல்ல நின்னா. நான் பாக்காம வந்துட்டேன். வந்ததுல இருந்து அதுதான் மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு.

டாக்டரம்மா போன தடவை சொல்லிட்டாங்க. "கோமதிநாயகம் சார், ஆடு மேய்க்கிறவர், குடிகாரர், மாடு எல்லாரையும் பாத்துட்டோம். அடுத்த வாட்டி நீங்க எனக்குக் காட்டாததைப் பாப்போம். அதைப் பாக்காம நான் உங்களை வண்டி ஓட்ட விட முடியாது. முந்நூறு நானூறு பேரு பின்னால உக்காந்து வாராங்க." மரியாதையாத்தான் சொன்னாங்க. அந்த அடுத்த வாட்டிதான் இன்னைக்கு.

நான் என்ன நினைச்சிருக்கேன்னா, போறேன், உக்காருதேன், விரலுக்குப் பின்னால போறேன். அந்தப் பொண்ணைச் சொல்லுதேன். வளைவு, ஹார்ன், பிரேக்கு, எல்லாம் சொல்லுதேன். கை விசயம் எதுக்கு? இல்லாததைச் சொல்லி என்னத்துக்கு? முகம் தெரிஞ்சுதான்னு கேட்டா, தெரியலன்னு சொல்லிருதேன். லேசா உதட்டுல ஒரு மரு இருந்துச்சு, அதை எதுக்குச் சொல்லணும்?

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய?

என்ன, பஸ்ஸு நிக்குது. கேட்டா? இந்த ரோட்டுல கேட்டு ஒண்ணு இருக்குன்னு மறந்தே போயிட்டேன். சரி, இப்ப போயிரும். பாசஞ்சராத்தான் இருக்கும், சத்தத்தை வச்சே சொல்லிருவேன். நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கிடுதேன். வெயில் கூசுது.

அண்ணாச்சி, ஒரு உதவி. நீங்க ஜன்னல் பக்கம் இருக்கியள்லா, கேட் கீப்பர் நிக்கானா? நிக்கானா. கையில என்ன வச்சிருக்கான்? பச்சையா? கொடிதான அது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கம்பு தெரியுதா? கொடின்னா கம்பு இருக்கும். துணியை மட்டும் பாத்துட்டுச் சொல்லாதிய, அவசரமில்ல, கம்பைப் பாருங்க. இருக்கா? பக்கத்துல வேற யாரும் நிக்கலையே? யாரும் இல்லையே?

வந்துட்டு. ஹார்ன் அடிக்கான் பாருங்க. நல்லா அடிக்கான். விடாம அடிக்கான். அப்படித்தான் அடிக்கணும்.

என்ன அண்ணாச்சி? எதுக்கு என் கையைப் பிடிக்கிய? விடுங்க, பக்கத்துல ஆளுக பாக்காங்க. யாரு தூக்குனா? நானா? எந்தக் கையை?

இல்ல. நீங்க வேற எதையோ பாத்துட்டுச் சொல்லுதிய. அந்தக் கை மேல வராது. வந்ததுமே சொன்னேன்லா, பையைக்கூட நீங்கதான தூக்கி வச்சிய.